பச்சை உடம்பும் ரத்தப் பரிசோதனையும்: டாக்டரிடம் கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பலவும், பிள்ளை பெற்ற பெண்ணின் மன அழுத்தத்தை ரத்தத்திலோ எச்சிலிலோ தலைமுடியிலோ அளந்துவிட முடியுமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தன. அவற்றில் சிலவற்றை, எழுதியவர்களின் அடையாளம் வெளிப்படாதவாறு சுருக்கி, இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் வாசகர்

கேள்வி: என் மனைவிக்கு அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்து பதினெட்டு நாட்கள் ஆகின்றன. சரியாகத் தூங்குவதில்லை; சிறிய சத்தத்துக்கும் பதறுகிறாள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 'ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' இருப்பதாகச் சொன்னார்கள் என்று எடுத்துப் பார்த்தோம். மன அழுத்த ஹார்மோன் எனப்படும் கார்டிசால் 27 என்று வந்திருக்கிறது. 6 முதல் 19 வரைதான் இருக்க வேண்டுமாம். அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருந்தால் இப்படி வரும் என்று இணையத்தில் படித்தேன். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: ஸ்கேன் வேண்டாம். நீங்கள் இணைத்திருந்த அறிக்கையை நிதானமாகப் பார்த்தேன். அதில் உங்கள் மனைவியின் வயது இருக்கிறது, ரத்தம் எடுத்த நேரம் காலை 8.10 என்று இருக்கிறது, 27 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'எச்' (அதிகம்) என்றும் இருக்கிறது. ஆனால் அவர் பிரசவித்துப் பதினெட்டு நாட்களே ஆகின்றன என்ற, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல் அந்தத் தாளின் எந்த மூலையிலும் இல்லை. 6 முதல் 19 என்பது கருவுறாத, நோயில்லாத மனிதர்களின் காலை நேரத்து ரத்தத்தைக் கொண்டு வகுத்த எல்லை. பச்சை உடம்புக்காரிக்கு அந்த எல்லையை வைத்துப் பார்த்தால் 'எச்' விழத்தான் செய்யும்.

கார்டிசால் சுரப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை வெளியிட, அது தனக்குக் கீழேயுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி வெளியிடும் ஏ.சி.டி.எச். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனலைத் தூண்டுகிறது. கார்டிசால் போதிய அளவு ஏறியதும் அதுவே ஹைபோதலாமஸை அடக்கிவிடுகிறது. கருவுற்ற காலத்தில் இந்த ஒழுங்கு குலைகிறது. நஞ்சுக்கொடியே சி.ஆர்.எச். சுரக்கத் தொடங்குகிறது, அந்தச் சுரப்பைக் கார்டிசால் அடக்குவதில்லை, மேலும் கூட்டுகிறது. இதனால் கடைசி மூன்று மாதங்களில் ரத்தத்திலுள்ள கார்டிசால் வழக்கமான அளவைப்போல் இரண்டு, மூன்று மடங்காகிறது. இதனுடன், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மிகுந்திருப்பதால், கார்டிசாலைப் பிடித்துச் சுமக்கும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகத் தயாரிக்கிறது.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதன் சி.ஆர்.எச். ஓரிரு நாட்களில் மறைந்துவிடும். அந்தச் சுமக்கும் புரதம் அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையோ புரதத்தோடு ஒட்டியிருக்கும் கார்டிசாலையும் தனியே திரியும் கார்டிசாலையும் சேர்த்தே எண்ணுகிறது. உடம்பில் வேலை செய்வது தனியே திரியும் பங்குதான். அது நூற்றில் ஏறத்தாழ ஐந்து பங்கு மட்டுமே. ஆகவே உங்கள் கையிலிருக்கும் 27 என்ற எண் எல்லையைத் தாண்டியதற்குப் பெரும்பாலும் கர்ப்ப காலத்தின் மிச்சமே காரணம். இதன் மேல் அறுவைக் காயத்தின் வலியையும், விழித்துக் கழித்த இரவையும், ஊசியைக் கண்ட பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரியாகவே அளந்தால் மனநிலை தெரிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு உள்ள பெண்களில் கார்டிசால் கூடியிருக்கிறது என்று சொன்ன ஆய்வுகள் உண்டு. காலையில் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. வேறுபாடே இல்லை என்றவையும் உண்டு. இதனால்தான் மனச்சோர்வைக் கண்டறியக் கார்டிசால் பார்க்கும் வழக்கம் மருத்துவத்தில் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் நூற்றுக்கணக்கான பெண்களின் சராசரியைப் பார்க்க இது பயன்படலாம். உங்கள் வீட்டில் படுத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இது எதுவும் சொல்லாது. இதைத் தொகுப்புப் பரிசோதனையாக விற்பது வியாபாரம் என்றே நான் கருதுகிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குக் கார்டிசால் பார்த்தே ஆகவேண்டிய நிலை ஒன்று உண்டு. பிரசவத்தின்போது அளவுக்கு மீறி ரத்தம் போய், அதன்பின் பால் சுரக்காமலே இருந்து, எழுந்து நிற்க முடியாத சோர்வும் தாழ்ந்த ரத்த அழுத்தமும் தொடருமானால், ரத்த ஓட்டம் கிடைக்காமல் பிட்யூட்டரி சேதமடைந்திருக்கலாம். ஷீஹன் நோய் என்று அதற்குப் பெயர். அதில் கார்டிசால் அதிகரிக்காது, குறையும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் கடிதத்தில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை.

உங்கள் மனைவிக்கு இப்போது பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், தையல் போட்ட இடம் ஆகியவைதான். பிரசவம் ஆன பிறகும் ஆறு வாரம் வரை ரத்த அழுத்தம் திடீரென ஏறக்கூடும். தலைவலியும் கண் மங்கலும் இருந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போங்கள். பதற்றத்தைப் பற்றி அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதைக் கீழே செவிலியர் ஒருவரின் கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாமியார்

கேள்வி: நான் ஐந்து பெற்றவள். ஐந்தும் வீட்டுப் பிரசவம்தான். பத்து நாளில் காட்டு வேலைக்குப் போனேன். மருமகளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. நாலாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகிறாள். நர்ஸ் அம்மா 'ஹார்மோன்' என்கிறார். எங்கள் காலத்தில் இல்லாத ஹார்மோன் இப்போது எங்கிருந்து வந்தது?

பதில்: அம்மா, உங்கள் காலத்திலும் அது இருந்தது. அழுதால் பால் வற்றிவிடும் என்று சொல்லிப் பெரியவர்கள் உங்கள் அழுகையை அடக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். நஞ்சு விழுந்த சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் கர்ப்பத்தின் உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகின்றன. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் கண்ணில் நீர் முட்டுவதும், எரிச்சல் வருவதும், அடுத்த நிமிடமே சிரிப்பதும் பிரசவித்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் நடப்பவை. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மருந்து கிடையாது. தூக்கமும் ஆறுதலும் போதும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் அழுகையும் சோர்வும் நீடித்தால் அது வேறு கதை. ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும்தானே இறங்குகிறது, பின் ஏன் சிலர் மட்டும் சோர்ந்து விழுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை தேடி அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. கருவுறாத பதினாறு பெண்களுக்கு மருந்து கொடுத்துக் கர்ப்ப காலத்தைப் போல் ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டிரோனையும் எட்டு வாரம் உயர்த்தி வைத்திருந்து, பிறகு அவர்களுக்குத் தெரியாமலே நிறுத்தினார்கள். அவர்களில் எட்டுப் பேர் முன்பு ஒரு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள்; அந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்குச் சோர்வு திரும்ப வந்தது. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஏற்றிய அளவும் இறக்கிய விதமும் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த இறக்கத்தைத் தாங்கும் மூளைதான் வேறு. ஹார்மோன் அளவை ரத்தத்தில் எடுத்துப் பார்த்து, இவளுக்கு வரும், அவளுக்கு வராது என்று சொல்ல முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

இது வெறும் மனக்கற்பனை அல்ல என்பதற்கு மருந்துகளே சாட்சி. புரொஜெஸ்டிரோனிலிருந்து உடல் தயாரிக்கும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையை அமைதிப்படுத்துவது. பிரசவத்தோடு அதுவும் சரிந்துவிடுகிறது. அதையே ரத்தக் குழாய் வழியாக அறுபது மணி நேரம் செலுத்தும் சிகிச்சைக்கு 2019-இல் அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் ஒப்புதல் அளித்தது. அதே வகையில் பதினான்கு நாள் விழுங்கும் மாத்திரைக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்தது.

ஆனால், அம்மா, உங்கள் கடிதத்தில் என் கண்ணைப் பிடித்தது 'இரண்டாவதும் பெண்' என்ற சொற்கள்தான். வேலூர் அருகே கிராமத்துப் பெண்களைக் கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. அதில் நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வருமானக் குறைவு, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாமை, வீட்டு வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமை ஆகியவற்றோடு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்ததும் அதற்குக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ள 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் நீட்டிக்க வேண்டிய நிலை இருந்த மண் நம்முடையது. இதை நினைவூட்டுவது உங்களைக் குறை சொல்வதற்காக அல்ல. மருமகளின் ஹார்மோனை உங்களால் மாற்ற முடியாது. பேத்தியைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளவும், வந்து பார்ப்பவர்கள் 'அடுத்தது பையனாகப் பிறக்கும்' என்று சொல்லும்போது அவர்களை வாயடைக்கவும் உங்களால் மட்டுமே முடியும்.

பத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. ராகிக் களியும் கீரையும் கருவாட்டுக் குழம்பும் தாராளமாகக் கொடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள்; புண் ஆறாது என்று சொல்லித் தாகத்தோடு வைத்திருப்பதை இன்றும் சில வீடுகளில் பார்க்கிறேன், அது தவறு. அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விடாமல் விழுங்க வேண்டும். ரத்தசோகை உள்ளவளின் அசதியும் மனம் சோர்ந்தவளின் அசதியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

பென்னாகரம் வாசகி

கேள்வி: மூன்று சென்டிமீட்டர் முடியை வெட்டிக் கொடுத்தால் மூன்று மாத மன அழுத்தம் தெரிந்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். குழந்தைக்கு மூன்று மாதமாகிறது. எனக்கோ கை வைத்தாலே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இந்தக் கொட்டுதலே மன அழுத்தத்தின் அறிகுறியா?

பதில்: இரண்டும் வேறு வேறு. முதலில் கொட்டுவதைப் பார்ப்போம். கர்ப்ப காலத்தில் உதிர வேண்டிய முடி உதிராமல் நின்றுவிடுகிறது. ஹார்மோன் இறங்கியதும் அவையெல்லாம் ஒன்றாக ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் ஒன்றாக உதிர்கின்றன. சீப்பில் வருவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும். வழுக்கைத் திட்டு விழுந்தாலோ, ஓராண்டு தாண்டியும் நிற்காவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

முடியில் கார்டிசால் அளப்பது உண்மைதான். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போது ரத்தத்திலிருக்கும் கார்டிசாலில் சிறிதளவு முடிக்குள் தங்கிவிடுகிறது. ஆகவே பின்னந்தலையில் தோலை ஒட்டி வெட்டிய மூன்று சென்டிமீட்டர், கடந்த மூன்று மாதத்தின் பதிவு. ரத்தம் அந்த நிமிடத்தை மட்டும் காட்டும்; முடி பல வாரங்களைச் சேர்த்துக் காட்டும். ஆய்வாளர்களுக்கு இது பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

பிள்ளை பெற்றவர்களிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் வெட்டிய மூன்று சென்டிமீட்டரில் பாதி, வயிற்றில் பிள்ளை இருந்தபோது வளர்ந்தது. அதில் இருப்பது கர்ப்பத்தின் இயல்பான உயர்வு. சாயமும் அடிக்கடி தலைக்குக் குளிப்பதும் அளவைக் குறைத்துக் காட்டும். போதாததற்கு, உங்கள் முடியில் ஒரு பகுதி வளர்வதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகின்றன. அதில் எந்த மாதத்தின் கணக்கை எடுப்பது? குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட முடியை அங்கேயே கொடுங்கள், ஆய்வகத்துக்கு வேண்டாம்.

அரூர் வட்டத்திலிருந்து ஓர் அண்ணன்

கேள்வி: தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். மூன்று இரவாகத் துளியும் தூங்கவில்லை, ஆனால் களைப்பும் இல்லை. குழந்தை தன்னுடையது அல்ல, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். யாரோ காதில் கட்டளையிடுவதாகச் சொல்கிறாள். காற்று கருப்பு என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். எந்தப் பரிசோதனை எடுத்தால் உண்மை தெரியும்?

பதில்: இந்தக் கடிதத்துக்கு அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். இதே நிலையில் வேறு வீடு இருக்கலாம் என்பதால் இங்கும் எழுதுகிறேன். இது பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய். ஆயிரம் தாய்மாரில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.

மனநோய்க்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் இங்கே பரிசோதனைகள் மிக அவசியம். கருப்பையில் ஏற்பட்ட தொற்று, ஏறிய ரத்த அழுத்தம், மூளையின் ரத்தக் குழாயில் விழுந்த உறைவு, உப்புச்சத்து மாறுபாடு ஆகியவையும் பச்சை உடம்பில் இதே குழப்பத்தை உண்டாக்கும். அவை இல்லை என்று உறுதி செய்த பிறகே மனநல மருந்துகள். மருந்துகளுக்கு இந்த நோய் நன்றாகக் கட்டுப்படும். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் குழந்தையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் தனிப் பிரிவு இருக்கிறது. நம் இரு மாவட்டங்களுக்கும் அது எட்டும் தூரம்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. மந்திரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர் வாசகி

கேள்வி: தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, குழந்தைக்கு ஐந்தாவது மாதம், விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டும். என் கைக்கடிகாரம் இரவெல்லாம் 'ஸ்ட்ரெஸ் அதிகம்' என்று சிவப்பில் காட்டுகிறது. எச்சில் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: கடிகாரம் உங்கள் மனத்தைப் பார்ப்பதில்லை. தோலின் வழியாக ஒளியைச் செலுத்தி, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறது. ஓய்வில் அந்த மாறுபாடு கூடும், நெருக்கடியில் குறையும். நடு இரவில் எழுந்து பால் கொடுத்து, தொட்டிலை ஆட்டி, மீண்டும் படுத்தவளுக்கு அது குறைந்துதான் இருக்கும். நீங்கள் குழந்தைக்காக எழுந்தீர்கள் என்பது கடிகாரத்துக்குத் தெரியாது.

எச்சிலில் தனியே திரியும் கார்டிசால் மட்டுமே இருப்பதால், ரத்தத்தில் நான் மேலே சொன்ன புரதச் சிக்கல் அங்கே இல்லை. ஊசியும் இல்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் ஒன்று, அரை மணி நேரத்தில் ஒன்று என்று பல் துலக்காமல், எதுவும் உண்ணாமல் எடுக்க வேண்டும். ஏனெனில் விழித்த முப்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில்தான் கார்டிசால் உச்சிக்கு ஏறும், நள்ளிரவில் அடிமட்டத்தில் இருக்கும். ஒரு மணிக்கும் மூன்றரைக்கும் ஐந்துக்கும் எழுந்தவளுக்கு எதைக் கண் விழித்த நேரம் என்று எடுத்துக்கொள்வது? ஆய்வுகளே திணறும் இடம் இது. நீங்கள் செய்துகொள்ள வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். தாய்ப்பால் கொடுக்கும் பெண்களையும் கொடுக்காத பெண்களையும் ஓட்டப் பொறியில் ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1995-இல் வந்தது. ஒரே அளவு ஓடியும், பால் கொடுப்பவர்களுக்கு ஏ.சி.டி.எச்., கார்டிசால் இரண்டும் குறைவாகவே ஏறின. உடம்பு உங்களுக்கு ஓரளவு காப்பு போட்டிருக்கிறது. மீதிக்கு நான்கைந்து மணி நேரம் தொடர்ந்த தூக்கம் வேண்டும். பாலைப் பீய்ச்சி வைத்து ஒரு வேளையைக் கணவரிடமோ அம்மாவிடமோ விடுங்கள், அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது. சட்டப்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பணி நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளையும் உங்களுக்கு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகி

கேள்வி: பிரசவமாகி நான்கு மாதம். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, எடை வேகமாகக் குறைகிறது. 'மன அழுத்தம்தான், தியானம் செய்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை மட்டும் எடுக்கிறேன்.

பதில்: உங்களுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், தைராய்டுக்கு. பிரசவித்த நூறு பெண்களில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு முதல் ஆண்டில் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரும். முதலில் ஹார்மோன் மிகுந்து நீங்கள் சொல்லும் படபடப்பும், பின்பு குறைந்து மந்தமும் மனச்சோர்வும் தோன்றும். பலருக்குத் தானே சரியாகிவிடும். சிலருக்கு மாத்திரை தேவைப்படும். போகும் முன் பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு, அதைப் பற்றி ஆய்வகத்தில் சொல்லுங்கள். பல கருவிகளில் பயோட்டின் குறுக்கிட்டு, தைராய்டு மிகுந்திருப்பதாகப் பொய்யாகக் காட்டிவிடும்.

பாலக்கோடு வட்டாரக் கிராம சுகாதார செவிலியர்

கேள்வி: எங்கள் துணை நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கலாம், அதற்கு மேல் வசதி இல்லை. தாயின் மன அழுத்தத்தை நாங்கள் எதைக் கொண்டு அளப்பது?

பதில்: இதுவரை மனிதர்கள் கண்டுபிடித்த கருவிகளில் சிறந்தது உங்களிடம்தான் இருக்கிறது. 1987-இல் பிரிட்டனில் வெளியான எடின்பரோ அளவுகோல் பத்துக் கேள்விகள் கொண்டது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் முப்பது. அதன் தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்துச் சரிபார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். மதிப்பெண் உயர்ந்தால் நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பொருள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதில் 'இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றே அனுப்புங்கள்.

கேட்கும் இடம் முக்கியம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் புதன்கிழமை தாய்மார்கள் வருவார்கள். பெஞ்சில் பக்கத்திலேயே மாமியாரும் இருப்பார். 'நல்லா இருக்கியா கண்ணு?' என்றால் மாமியார்தான் 'அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா' என்பார். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது உடனிருந்த மூத்த செவிலியர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். 'பாட்டி, பாப்பாவை எடை போடக் கொண்டுபோங்க, அட்டையிலே எழுதிட்டு வாங்க' என்று அவரைத் தராசு இருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டு, பெண்ணின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, 'பாப்பா தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?' என்று மட்டும் கேட்பார். வாய்ப்பிருந்தும் தூக்கம் வரவில்லை என்பவளை அவர் விடமாட்டார். அந்த ஒரு கேள்விக்கே பலர் அழத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஓசூர், தளிப் பக்கத்துப் பெண்களிடம் தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் தலையாட்டுவார்கள், விஷயம் வராது. பேச ஆள் தேவைப்படுபவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எழுதிக் கொடுங்கள். எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை. எண்ணைக் கணவரின் போனில் பதிவதைவிட அவளுடைய போனில் பதிந்துகொடுப்பது நல்லது.

பர்கூர் வாசகி

கேள்வி: மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பால் வழியாகக் குழந்தைக்குப் போகுமே என்று விழுங்காமல் வைத்திருக்கிறேன். கோபமாக இருக்கும்போது பால் கொடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்றும் சொல்கிறார்கள்.

பதில்: தாய்ப்பாலில் கார்டிசால் இருப்பது உண்மை, காலையில் கூடுதலாகவும் இரவில் குறைவாகவும் இருக்கும். அது இயற்கை. அதற்காகப் பாலை நிறுத்தவோ பீய்ச்சிக் கொட்டவோ எந்தக் காரணமும் இல்லை. கோபமோ வலியோ மிகுந்தால் பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் தற்காலிகமாகத் தடைப்படும். பால் வரத் தாமதமாகும், கெட்டுப்போகாது. குழந்தையை உடம்போடு சேர்த்து அணைத்துச் சில நிமிடங்கள் உட்கார்ந்தால் மீண்டும் இறங்கும்.

செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்துகளில் ஒன்று; பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். குழந்தை குறை மாதத்தில் பிறந்ததாகவோ வேறு நோய் உள்ளதாகவோ இருந்தால் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்; வழக்கமாக, குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பின்னர் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.